ஓஹையோ ஆற்றைத் தாண்டியவர்களின் வழியில் இரண்டு நாள்: எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது

"சின்சினாட்டியில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' பாடம் நடக்கிறது. அடிமைகள் தப்பிய இடங்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன என்கிறார்கள். இரண்டு நாளில் எதைப் பார்க்கலாம், எந்த வரிசையில்? சுரங்கப்பாதை எங்கே இருக்கிறது என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள்.

சுரங்கப்பாதை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஆற்றோரம் பழைய வீடு எதற்குப் போனாலும் "இங்கிருந்து ஆற்றுக்குச் சுரங்கம் இருந்ததாம்" என்று யாராவது சொல்வார்கள். ஆராய்ந்து பார்த்தால் அது பெரும்பாலும் கிழங்கு, காய்கறி வைக்கும் நிலவறையாகவோ மழைநீர்த் தொட்டியாகவோ வடிகாலாகவோதான் இருக்கும். தப்பி வந்தவர்கள் நடந்தார்கள், நீந்தினார்கள், இருட்டில் படகேறினார்கள், உறைந்த ஆற்றின் மேல் ஓடினார்கள். 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' என்பது அடிமைகள் தப்ப உதவியவர்களின் ரகசியத் தொடர்தான்; ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ரயில் புதிதாக வந்த காலம் என்பதால் ஒளித்து வைத்த வீட்டுக்கு 'ஸ்டேஷன்', வழிகாட்டியவருக்கு 'கண்டக்டர்' என்று பெயர் வந்துவிட்டது. தலைமை அலுவலகம் என்று ஒன்றும் கிடையாது. அடுத்த வீடு எது என்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும்.

சரி, வரிசைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் நேராக ஓஹையோ பக்கத்து வீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். அடைக்கலம் கொடுத்த பாதிரியார், அவர் வீட்டு விளக்கு, அவர் ஒளித்து வைத்த அறை. அந்த வீடுகள் செங்கல் வீடுகள், இன்னும் நிற்கின்றன, வாசலில் பலகை இருக்கிறது. அதனால் கதையும் அந்த வீட்டுக்காரர்களுடையதாக ஆகிவிடுகிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன்பே, தப்பியவர் மிகக் கடினமான பகுதியைத் தனியாகக் கடந்து வந்திருப்பார். பண்ணையை விட்டுக் கிளம்பும் முடிவு, விட்டுவிட்டு வரும் ஆட்கள், நாய்கள், ஆறு. அவர் நடந்த திசையிலேயே நீங்களும் போங்கள். கென்டக்கியில் தொடங்கி, ஆற்றைத் தாண்டி, கடைசியாக அந்த வீடுகளுக்கு வாருங்கள்.

போவதற்கு முன் அப்பா, அம்மாவுக்குச் சட்டத்தை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "ஆற்றைத் தாண்டியதும் விடுதலைதானே, அப்புறம் ஏன் ஒளிந்தார்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். 1787இல் போட்ட சட்டப்படி ஓஹையோ ஆற்றுக்கு வடமேற்கே அடிமை முறை கூடாது. தெற்கே கென்டக்கியில் அது சட்டப்படி நடந்தது. ஆனால் தப்பி வந்தவரை உரிமையாளர் வந்து பிடித்துப்போகலாம் என்று அதே சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1793இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1850இல் வந்தது இன்னும் கொடியது: உதவி செய்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, தனக்காகச் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் கமிஷனருக்கு, ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். ஓஹையோவும் ஒன்றும் கைநீட்டி வரவேற்கவில்லை. 1807இல் வந்த மாநிலச் சட்டப்படி, குடியேற வரும் கறுப்பினத்தவர் 500 டாலருக்கு ஜாமீன் பத்திரம் காட்ட வேண்டும். அதனால் உண்மையான இலக்கு கனடாதான். பிரிட்டிஷ் பேரரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் அங்கே 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அப்பாவுக்கு வரலாற்றில் ஈடுபாடு இருந்தால் இதையும் சொல்லுங்கள்: அதே சட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் விலக்கு கொடுத்திருந்தார்கள். கனடாவில் அடிமை முறை சட்டப்படி முடிந்த வருடத்தில் நம் பண்ணைகளில் இருந்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை. இந்தியாவுக்குத் தனிச் சட்டம் 1843இல்தான் வந்தது.

முதல் நாளை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கென்டக்கியில் தொடங்கச் சொன்னேன் அல்லவா, அந்தக் கென்டக்கியின் மிக முக்கியமான கட்டடம் ஒன்று சின்சினாட்டி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. 2004இல் திறந்த தேசிய அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு ஃப்ரீடம் சென்டருக்குள் இரண்டு அடுக்கு மரக்கட்டடம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது, 21க்கு 30 அடி. கென்டக்கியின் மேசன் கவுண்டியில் ஜான் ஆண்டர்சன் என்ற அடிமை வியாபாரி, வாங்கிய ஆட்களை அடைத்து வைத்த கொட்டடி அது. விலை நன்றாக இருக்கும் நேரம் பார்த்து அவர்களை மிசிசிப்பியின் நாட்செஸ் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பான். பிற்காலத்தில் அதைச் சுற்றி ஒரு புகையிலைக் களஞ்சியம் எழும்பியது. அதற்குள் மறைந்து கிடந்ததால்தான் இவ்வளவு காலம் அழியாமல் இருந்தது. உள்ளே போகலாம். போனதும் அண்ணாந்து பாருங்கள். மேல்தளத்து உத்தரத்தில் இரும்பு வளையங்கள் வரிசையாகத் தெரியும். ஆண்களைப் பூட்டிய சங்கிலியைக் கோத்த வளையங்கள் அவை. மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம், கோடரி பட்ட தடம் கைக்குத் தெரியும்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கென்டக்கியில் இருந்தவர்களில் பலர் ஓடியது, தெற்கே விற்கப்படப்போகிறோம் என்று காதில் விழுந்த பிறகுதான். அடி, உதை, வேலை எல்லாவற்றையும் சகித்தவர்கள்கூட, பிள்ளையை ஒருபக்கமும் தன்னை ஒருபக்கமும் விற்பார்கள் என்று தெரிந்ததும் கிளம்பினார்கள். ஓட்டத்தின் காரணம் அந்தக் கொட்டடியில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் மற்ற தளங்களும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். கொட்டடியில் அரை மணி நேரம் இருந்தால் மற்றதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

வெளியே வந்து ரோப்லிங் தொங்குபாலத்தில் நடந்து, கென்டக்கிக் கரையில் இருக்கும் கவிங்டன் பக்கம் போங்கள். இந்தப் பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது 1866 கடைசியில். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறையும் ஒழிந்த பிறகு. அதாவது தப்பியவர்கள் யாருக்கும் இங்கே பாலம் இல்லை. 1856 ஜனவரியில் ஆறு உறைந்து கிடந்த ஓர் இரவில், பூன் கவுண்டியிலிருந்து பனிச்சறுக்கு வண்டியில் கவிங்டன் வந்து, ஆற்றின் மேல் நடந்தே சின்சினாட்டிக்குப் போனது 17 பேர் கொண்ட ஒரு கூட்டம். அக்கரை சேர்ந்ததும் பிரிந்தார்கள். ஒன்பது பேர் உதவிக்கு ஆள் கிடைத்துத் தப்பிவிட்டார்கள். மார்கரெட் கார்னரும் அவள் கணவனும் குழந்தைகளும் மாமனார், மாமியாரும் உறவினர் ஒருவர் வீட்டில் இருந்தபோது துரத்தி வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பவும் அந்த வாழ்க்கைக்குக் கொண்டுபோக விடமாட்டேன் என்று தன் இரண்டு வயது மகளை மார்கரெட் தன் கையாலேயே கொன்றாள். ஓஹையோவில் கொலைக்குற்றத்துக்கு விசாரிப்பதா, கென்டக்கிக்குச் சொத்தாகத் திருப்பி அனுப்புவதா என்று வழக்கு நடந்தது. விசாரித்தால் அவளை ஒரு மனுஷியாக ஏற்றுக்கொண்டதாக ஆகும். நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. இரண்டு வருடத்தில் மிசிசிப்பியில் காய்ச்சலில் செத்துப்போனாள்.

இதை ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் உறைந்த ஆற்றில் நடந்தது வரை சொல்வேன், மிச்சத்தை இன்னும் சில வருடம் கழித்துச் சொல்வேன். பெரியவர்களிடம் முழுவதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் கென்டக்கி பக்கத்து ஏஏ ஹைவேயைப் பிடித்து மேஸ்வில் நோக்கிப் போங்கள். ஊருக்குச் சற்றுத் தெற்கே பழைய வாஷிங்டன் என்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் மேசன் கவுண்டியின் தலைநகரம். அங்கே நீதிமன்றப் புல்வெளியில் ஆட்களை ஏலம் விட்டார்கள். 1833இல் அங்கே தன் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு வந்திருந்த ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் அப்படியொரு ஏலத்தைப் பார்த்ததாகச் சொல்வார்கள். அடிமை முறைக்கு எதிராக நாட்டையே உலுக்கிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை அவர் பின்னால் 1852இல் வெளியிட்டார். அந்தப் புல்வெளி இன்று அழகான, அமைதியான இடம். அழகாக இருப்பதே மனசை உறுத்தும். ஓஹையோவின் சார்டினியாவைச் சேர்ந்த ஜான் மஹான் என்ற பாதிரியாரை, தப்பியவர்களுக்கு உதவினார் என்று 1838இல் ஆற்றைத் தாண்டி இழுத்துவந்து அடைத்ததும் இந்த ஊர்ச் சிறையில்தான். ஜூரி அவரை விடுவித்தது, ஆனால் உடம்பு கெட்டுப்போய்த்தான் வீடு திரும்பினார்.

மேஸ்வில்லில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. அதைவிட, கென்டக்கிக் கரையோரமாகவே டோவர் வரை போய்வரச் சொல்வேன். பார்க்க அங்கே எதுவும் கட்டி வைக்கவில்லை. ஆனால் ஆர்னால்ட் கிராக்ஸ்டன் படகு தள்ளிய கரை அது.

இந்த வட்டாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். 1840இல் பிறந்தவர், மேசன் கவுண்டியில் அடிமையாக இருந்தவர். ஒருநாள் வேறொரு பண்ணைக்குப் போன இடத்தில், ஒரு பெண்ணை அக்கரைக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று ஒரு மூதாட்டி கேட்கிறார். பயந்து நடுங்கிக்கொண்டே அன்றிரவு துடுப்புப் போட்டுப் போகிறார். ஆற்றின் நடுவில் போகும்போது அக்கரையில் ரிப்ளி என்ற ஊரில் உயரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. கரை சேர்ந்ததும் இருட்டிலிருந்து இரண்டு பேர் வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கிறார்கள். தொலைந்தோம் என்று இவர் நினைக்கும்போது, அவர்களில் ஒருவர் இவர் கையைப் பிடித்துக் கேட்ட கேள்வி: "பசிக்கிறதா, தம்பி?" அதற்குப் பிறகு நிலா இல்லாத இரவுகளில் போய்ப் போய் வந்தார். வந்தவர்களின் முகம்கூட அவருக்குத் தெரியாது, ஒரு சங்கேத வார்த்தையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார். விடுதலையான கரையில் ஆளை இறக்கிவிட்டு, அடிமையாகவே வீடு திரும்பியவர். உள்நாட்டுப் போரின்போது மாட்டிக்கொள்ளும் நிலை வந்த பிறகுதான், தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒருவழியாக அக்கரைக்குப் போனார்.

ஆற்றைப் பார்க்கும்போது மகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள். இன்று தெரிகிற இந்த அகலமும் ஆழமும் அணைகளால் வந்தவை. அப்போது ஆறு குறுகலாக, ஆழம் குறைவாக ஓடியது. கோடையில் நீர் வற்றும்போது சில இடங்களில் இறங்கியே கடக்கலாம், குளிர்காலத்தில் அடிக்கடி உறையும். இப்போது சின்சினாட்டியில் ஆறு முழுவதும் உறைவதே அபூர்வம். 1977 ஜனவரியில் உறைந்ததை இங்கே இன்னும் பேசுகிறார்கள்.

மேஸ்வில் பாலத்தில் ஓஹையோ பக்கம் தாண்டி, 52ஆம் எண் சாலையில் ரிப்ளிக்கு வாருங்கள். அங்கே முதலில் ஃப்ரன்ட் தெருவில் ஜான் பார்க்கர் வீடு. மலைமேல் இருக்கும் பாதிரியார் ராங்கின் வீட்டுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் இதை விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விட்டுவிடாதீர்கள். பார்க்கர் 1827இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பிறந்தவர். எட்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து விற்றுவிட்டார்கள். சங்கிலியில் பிணைத்து நடத்தியே கூட்டிப்போனார்கள். அலபாமாவின் மொபீலில் இரும்பு வார்ப்படத் தொழில் கற்று, சம்பாதித்த காசைச் சேர்த்து, 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே வாங்கிக்கொண்டார். ரிப்ளியில் சொந்தமாக வார்ப்பட ஆலை நடத்தினார், புகையிலை அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1900க்கு முன் காப்புரிமை பெற்ற கறுப்பினத்தவர் மிகச் சிலர், அவர்களில் ஒருவர்.

பகலில் ஆலை, இரவில் படகு. வெள்ளைக்காரப் பாதிரியார்கள் ஓஹையோ கரையில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். பார்க்கர் கென்டக்கிக்குள்ளேயே போய்க் கூட்டிவந்தார். அவர் தலைக்கு அங்கே விலை வைத்திருந்தார்கள். ஒரு கணவன் மனைவி தப்பப்போகிறார்கள் என்று சந்தேகப்பட்ட பண்ணையார், அவர்களுடைய கைக்குழந்தையை இரவில் தன் கட்டிலின் கால்மாட்டில் படுக்க வைத்துக்கொள்கிறான். பக்கத்து நாற்காலியில் மெழுகுவர்த்தியும் துப்பாக்கியும். குழந்தை இல்லாமல் தாய் வரமாட்டாள். பார்க்கர் தவழ்ந்தே அந்தப் படுக்கையறைக்குள் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து படகேறினார். இன்னொரு முறை படகு சிறியது, இரண்டு பேருக்கு இடமில்லை. கரையில் நின்ற ஒருவனின் மனைவி படகில் இருந்து அழுகிறாள். மனைவி, பிள்ளை இல்லாத ஒருவன் பேசாமல் எழுந்து இறங்கி, தன் இடத்தை அந்தக் கணவனுக்குக் கொடுத்தான். அவன் பிடிபட்டான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. இந்த இரண்டையும் பார்க்கரே பிற்காலத்தில் ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போனார். எத்தனை பேரைக் கொண்டுவந்தார் என்று எழுதி வைத்திருந்த குறிப்பேட்டை, 1850 சட்டம் வந்த பிறகு தன் ஆலை உலையிலேயே போட்டு எரித்துவிட்டார். ஆதாரம் ஏன் இவ்வளவு குறைவு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு மலைமேல் ஜான் ராங்கின் வீடு. படிக்கட்டு உண்டு, இப்போது இருப்பது பிற்காலத்தில் அமைத்தது, செங்குத்தானது. மகள் ஏறட்டும், அப்பா அம்மாவைக் காரில் கூட்டிப்போங்கள், சாலை மேலே வரை போகிறது. ராங்கின் டென்னசியில் பிறந்த பிரெஸ்பிடீரியன் பாதிரியார், 1822இல் ரிப்ளிக்கு வந்தார். வர்ஜீனியாவில் இருந்த தன் தம்பி அடிமைகளை வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டு, அவனுக்குக் கடிதம் கடிதமாக எழுதி உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட்டார். அந்தக் கடிதங்கள் 1826இல் புத்தகமாக வந்து, பின்னால் நாடு முழுக்கப் படிக்கப்பட்டன. தம்பியும் மனம் மாறி அவர்களை விடுவித்தார். வீட்டைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள், அவ்வளவு சிறியது. பதின்மூன்று பிள்ளைகள் வளர்ந்த வீடு, அதில் வந்தவர்களுக்கும் இடம். கிட்டத்தட்ட 2,000 பேர் இந்த வழியாகப் போனதாக மதிப்பிடுகிறார்கள். குதிரையேறி அவர்களை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டது பெரும்பாலும் அவருடைய மகன்கள். 1841இல் ஆயுதத்தோடு வந்து வீட்டைத் தாக்கியவர்களோடு சண்டை போட்டதும் அவர்கள்தான்.

முற்றத்தில் நின்று கீழே பாருங்கள். 1838 பிப்ரவரியில், பனி உடைந்து மிதக்கும் ஆற்றில், கைக்குழந்தையோடு ஒரு பெண் விழுந்து எழுந்து வந்து சேர்ந்தாள். இந்தக் கரையில் ஆள்பிடிக்கக் காத்திருந்த ஒருவனே, குழந்தை அழும் சத்தத்தைக் கேட்டு மனம் இளகி, அவளை விட்டுவிட்டான். ஸ்டோவின் நாவலில் வரும் எலைசாவுக்கு மூலம் இவள்தான். நாவலில் இல்லாத ஒன்றையும் ராங்கின் குடும்பத்தார் சொல்லி வைத்திருக்கிறார்கள்: மூன்று வருடம் கழித்து, பின்தங்கிப்போன தன் மகளையும் பேரப்பிள்ளைகளையும் மீட்க அவள் அதே ஆற்றுக்குத் திரும்பி வந்தாள்.

பார்க்கர் வீடும் ராங்கின் வீடும் குளிர்காலத்தில் மூடியிருக்கும், மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் திறப்பதில்லை. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்ளி சின்ன ஊர், சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். திரும்பி வர 52ஆம் எண் சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், வழியெல்லாம் ஆறு கூடவே வரும்.

இன்னொரு வார இறுதி கிடைத்தால் இந்தியானாவின் ஃபவுன்டன் சிட்டியில் லீவை காஃபின் வீட்டைப் பாருங்கள். 1839இல் கட்டிய செங்கல் வீடு. லீவையும் கேத்தரினும் வட கரோலினாவிலிருந்து வந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தம்பதி. மாடி அறையில் கட்டிலுக்குப் பின்னால் குட்டையான ஒரு கதவு, அதற்குள் கூரைச் சரிவில் ஒளியும் இடம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வீட்டுக்குள்ளேயே அடித்தளத்தில் இருக்கும் கிணறு. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பத்துப் பேருக்கான தண்ணீரை வெளியே இறைத்தால் அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும் அல்லவா? அந்தக் கிணறு கேத்தரினின் அன்றாட வேலையைக் காட்டுகிறது. நள்ளிரவில் வந்தவர்களுக்கு உலை வைத்தவர், துணி துவைத்துக் கொடுத்தவர் அவர்.

மகள் ஹேரியட் டப்மனைப் பற்றிக் கேட்பாள். அவருடைய நிலம் இங்கே இல்லை, மேரிலாண்டின் கிழக்குக் கரையில். அங்கே போக வேறொரு விடுமுறை வேண்டும். 300 பேரைக் கொண்டுவந்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்வது சுமார் 13 பயணம், ஏறத்தாழ 70 பேர். மரண தண்டனைக்கு நிகரான ஆபத்துக்குள் ஒரு பெண் அத்தனை முறை திரும்பிப் போனார் என்பதற்கு மேல் எந்த மிகைப்படுத்தலும் தேவையில்லை. வீட்டு வாசலில் தொங்கவிட்ட ஒட்டுத்துணிப் போர்வையின் கோலத்தில் ரகசிய வழிகாட்டி இருந்தது என்ற கதையும் பள்ளியில் வரலாம். 1990களின் கடைசியில் பரவிய கதை அது, வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை.

ஏதாவது ஓர் இடம் உண்மையா என்று சந்தேகம் வந்தால், தேசியப் பூங்காத் துறை 1998 முதல் நடத்தும் 'நெட்வொர்க் டு ஃப்ரீடம்' பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரம் காட்டினால்தான் அதில் சேர்ப்பார்கள். கிராக்ஸ்டனை 1930களில் அரசு எழுத்தாளர் திட்டத்தில் பேட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில், ஃப்ளோரிடா தொகுதியில் இலவசமாகக் கிடைக்கிறது. சில பக்கங்கள்தான். மேஸ்வில் போகும் வழியில் மகளைக் காரிலேயே சத்தமாக வாசிக்கச் சொல்லி, பின்சீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே போங்கள்.